சூப்பர் மவுஸா, மைட்டி மவுஸா: முதலில் பிறந்தது யார்?

(வாசகர் கேள்வி – பதில்)

சுண்டெலியைப் பறக்கும் வீரனாக்கிய அமெரிக்க காமிக்ஸ் ஒன்றைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சில வரிகளில் பதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பாலக்காட்டு எல்லையிலிருந்தும் செங்கோட்டை, குமுளி பக்கங்களிலிருந்தும் பலர் அந்த எலியைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் அந்த ஒரு பொருளுக்கே.

*கேள்வி: எங்கள் வாசகசாலையில் பிள்ளைகளுக்காகப் பழைய காமிக்ஸ் கண்காட்சி வைக்கிறோம். கோயம்புத்தூரில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த சூப்பர் மவுஸ் இதழ் ஒன்றும் மைட்டி மவுஸ் இதழ் ஒன்றும் அதில் இருக்கின்றன. மைட்டி மவுஸைப் பார்த்துத்தான் சூப்பர் மவுஸை வரைந்தார்கள் என்று எங்களில் சிலரும், இல்லை, சூப்பர் மவுஸ்தான் மூத்தவர் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். விளக்கச் சீட்டில் என்ன எழுதுவது ஐயா?*
– வாசகசாலை உறுப்பினர், கொழிஞ்சாம்பாறை

சீட்டு எழுதுவதற்கு முன்பு இவ்வளவு யோசிக்கிறீர்களே, அதற்கு முதலில் என் பாராட்டு. நீங்கள் கேட்டிருப்பது எண்பது ஆண்டுகளாகக் காமிக்ஸ் ஆர்வலர்கள் விவாதித்துவரும் கேள்வி. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு தரப்பின் ஆவணத்தை மட்டுமே பார்த்தவர்கள்.

சூப்பர் மவுஸ் முதன்முதலாக வந்தது கூ கூ காமிக்ஸ் என்ற இதழின் முதல் எண்ணில். நெட் பைன்ஸ் என்பவருடைய நெடார் நிறுவனம் அதை வெளியிட்டது. படைத்தவர் கின் பிளாட். அட்டையில் அச்சிட்டிருக்கும் மாதம் அக்டோபர் 1942. மைட்டி மவுஸ் பிறந்தது அச்சில் அன்று, திரையில். நியூயார்க் நகரத்தை அடுத்த நியூ ரோஷெல் என்னும் ஊரில் பால் டெர்ரி நடத்திய டெர்ரிடூன்ஸ் கார்ட்டூன் கூடம் தயாரித்து, 1942 அக்டோபர் 16 அன்று திரையரங்குகளுக்கு வந்த ‘நாளைய எலி’ என்ற குறும்படமே அதன் தொடக்கம். சிக்கலே இங்குதான் இருக்கிறது: அந்தப் படத்தில் அந்த எலியின் பெயர் மைட்டி மவுஸ் அன்று, அதுவும் சூப்பர் மவுஸ்தான். முதல் ஏழு படங்களில் அந்தப் பெயரோடே பறந்துவிட்டு, 1944 பிப்ரவரியில் வந்த படத்திலிருந்துதான் அது மைட்டி மவுஸ் ஆனது. ஒரே பெயரில், ஒரே மாதத்தில், நியூயார்க்கிலும் அதன் பக்கத்து ஊரிலும் இரண்டு எலிகள் பிறந்திருக்கின்றன என்றால் ஒருவர் மற்றவரைப் பார்த்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

அட்டை மாதத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முயல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நம் வார இதழ்களில் வரப்போகும் தேதியைப் போட்டு முன்கூட்டியே கடைக்கு அனுப்புவதைப் போலவே, அமெரிக்க காமிக்ஸ் இதழ்களிலும் கடைக்கு வரும் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் பிந்திய மாதத்தை அட்டையில் அச்சிடுவது வழக்கம். அந்த மாதம் முடியும்வரை கடைக்காரர் இதழைத் தட்டிலிருந்து எடுத்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்த வழக்கப்படி பார்த்தால், அக்டோபர் என்று போட்ட கூ கூ காமிக்ஸ் படம் திரையிடப்படுவதற்கு முன்பே சிறுவர்களின் கைக்குப் போயிருக்கும். அப்படியானால் காமிக்ஸ் எலிதான் மூத்தது என்று முடித்துவிடலாமா என்றால், அதுவும் அவசரமாகிவிடும். நாலைந்து பக்கச் சித்திரக்கதையை ஓர் ஓவியர் சில நாட்களில் வரைந்துவிடலாம். ஆனால் ஆறேழு நிமிடம் ஓடும் கார்ட்டூன் படத்துக்குக் கதை அமைத்து, ஆயிரக்கணக்கான படங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் வண்ணம் தீட்டி, ஒளிப்பதிவு செய்து, இசை சேர்க்கப் பல மாதங்கள் பிடிக்கும். அக்டோபரில் திரைக்கு வந்த படத்தின் வேலை, கூ கூ காமிக்ஸ் அச்சுக்குப் போவதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆக, வெளியானதில் முந்தியது காமிக்ஸ், வேலை தொடங்கியதில் முந்தியது பெரும்பாலும் படம் என்றுதான் இந்த இரண்டு தேதிகளையும் வைத்துக்கொண்டு சொல்ல முடியும்.

டெர்ரிடூன்ஸ் தரப்பில் சொல்லப்பட்டுவரும் கதை வேறொரு குற்றச்சாட்டையும் சேர்க்கிறது. அந்தக் கூடத்தின் கதைப் பிரிவில் இருந்த ஐ. கிளைன் என்பவர்தான் முதலில் யோசனை சொன்னவர். சூப்பர்மேனைப் போல வலிமை கொண்ட ஓர் ஈ என்பதே அவருடைய யோசனை. ஈ வேண்டாம், எலியாக இருக்கட்டும் என்று மாற்றியவர் பால் டெர்ரி. படம் தயாராகிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து விலகிய ஒருவர் இந்த யோசனையைக் காமிக்ஸ் உலகத்துக்குக் கொண்டுபோய்விட்டார் என்பது குற்றச்சாட்டு. அப்படி நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்காலத்து நியூயார்க்கில் பகலில் கார்ட்டூன் கூடத்தில் வரைந்தவர்கள் இரவில் காமிக்ஸ் பக்கங்களுக்கும் வரைந்து கூடுதலாகச் சம்பாதித்தார்கள். நெட் பைன்ஸுக்கு விலங்குக் கதைகளைத் தயாரித்துக் கொடுத்த பெஞ்சமின் சாங்கர் என்பவருடைய பட்டறையில் இப்படிப்பட்ட கைகள் நிறையவே இருந்தன. கூடத்துக்கும் பட்டறைக்கும் நடுவே ஆட்களும் பேச்சும் போய்வந்துகொண்டுதான் இருந்தன.

ஆனாலும் வாய்ப்பு இருந்தது என்பது வேறு, நடந்தது என்பது வேறு. சூப்பர்மேன் 1938இல் அச்சில் வந்து, 1941 செப்டம்பரில் பிளைஷர் கூடத்தின் வண்ணக் கார்ட்டூனாகத் திரைக்கும் வந்து, நாடே அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கார்ட்டூன் உலகில் மிகுதியாக வரையப்பட்ட விலங்குகளில் ஒன்றோ சுண்டெலி. மிக்கி மவுஸ் 1928 முதல் அதற்கு ஒரு பாதை போட்டு வைத்திருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கு மற்றவரிடமிருந்து களவாட வேண்டிய தேவை இல்லை.

இரண்டு கதைகளிலும் பாலாடைக்கட்டி வருகிறதே என்று சிலர் சுட்டுவார்கள். படத்தில் வருவது இது: பூனைகளிடமிருந்து தப்பியோடும் ஒரு சாதாரண எலி ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைகிறது, சூப்பர் சோப்பைப் போட்டுக் குளிக்கிறது, சூப்பர் சூப்பில் நீந்துகிறது, சூப்பர் செலரியைத் தின்கிறது, கடைசியில் சூப்பர் சீஸ் கட்டிக்குள் தலையை விட்டு, மார்பு விரிந்து, மேலங்கி பறக்க வெளியே வருகிறது. கடைப் பெயரில் உள்ள ‘சூப்பர்’ ஒவ்வொரு சரக்கிலும் ஏறிக்கொள்வதுதான் அங்கே நகைச்சுவை. கின் பிளாட்டின் எலிக்கோ வலிமையின் ஊற்று சூப்பர் சீஸ் மட்டுமே. எலி என்றதும் பாலாடைக்கட்டியை நினைப்பது அந்நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் இயல்பு. அதை ஒருவர் மற்றவரிடமிருந்து எடுத்த அடையாளமாகக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கின் பிளாட் கற்பனை வறண்டவரும் அல்லர். பின்னாளில் சிறுவர்களுக்கான துப்பறியும் நாவலுக்காக 1967இல் எட்கர் விருது பெற்ற எழுத்தாளர். அவரை வெறும் வதந்தியின் பேரில் களவாடியவராக்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

உங்கள் கண்காட்சி காமிக்ஸ் கண்காட்சி என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரை எலி காமிக்ஸ் பக்கத்துக்கு முதன்முறையாக வந்தது டெர்ரி-டூன்ஸ் காமிக்ஸின் 38ஆம் இதழில், நவம்பர் 1945இல். வெளியிட்டது பின்னாளில் மார்வெல் ஆன டைம்லி நிறுவனம். ஆகவே சித்திரக்கதை வீரர் என்ற அளவில் சூப்பர் மவுஸ் மூன்று ஆண்டு மூத்தவர் என்பதில் விவாதமே இல்லை.

சீட்டுகளை இப்படி எழுதுங்கள். ஒன்றில்: “சூப்பர் மவுஸ். படைத்தவர் கின் பிளாட். முதல் வரவு கூ கூ காமிக்ஸ் 1, அட்டை மாதம் அக்டோபர் 1942.” மற்றதில்: “மைட்டி மவுஸ். ஐ. கிளைனின் யோசனையிலிருந்து பால் டெர்ரியின் கூடம் உருவாக்கியது. முதல் படம் 1942 அக்டோபர் 16. 1944 வரை பெயர் சூப்பர் மவுஸ். காமிக்ஸில் 1945 நவம்பர் முதல்.” ‘பார்த்து வரைந்தது’ என்ற சொற்களை எந்தச் சீட்டிலும் சேர்க்க வேண்டாம்.

*கேள்வி: சூப்பர்மேன் நிறுவனத்தார் வழக்குப் போடுவார்கள் என்று பயந்துதான் டெர்ரி தம் எலியின் பெயரை மாற்றினார் என்று படித்தேன். அது உண்மையா? எலியாக இருந்தாலும் நகல் நகல்தானே?*
– வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

அந்த நிறுவனம் வழக்குக்குத் தயங்காத நிறுவனம் என்பது உண்மையே. 1939இல் விக்டர் ஃபாக்ஸ் என்பவர் வெளியிட்ட வொண்டர் மேன் என்ற வீரன் ஓர் இதழோடு நின்றதற்குக் காரணம் அவர்கள் தொடுத்த வழக்கு. 1940இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 1941இல் கேப்டன் மார்வெலை வெளியிட்ட ஃபாசெட் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு 1953இல் சமரசத்தில் முடியும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது. ஆகவே 1944இல் எந்தப் படக்கூட முதலாளிக்கும் இந்த அச்சம் இருந்திருக்கலாம். படத்து எலியின் உடையும் முதலில் சூப்பர்மேனைப் போலவே நீல உடை, சிவப்பு மேலங்கி என்றிருந்து, பிறகுதான் மஞ்சளுக்கு மாறியது.

ஆயினும் பெயர் மாற்றத்துக்கு அச்சமே காரணம் என்ற வாதத்தை நான் ஏற்கத் தயங்குகிறேன். பெயரில் உள்ள ‘சூப்பர்’ ஆபத்தானது என்றால், அதே பெயரை அட்டையில் தாங்கி, சூப்பர்மேன் இதழ் தொங்கிய அதே கடைகளில் தொங்கிய காமிக்ஸ் எலிக்குத்தான் முதலில் ஆபத்து வந்திருக்க வேண்டும். அந்த எலியோ 1948 முதல் தன் பெயரிலேயே தனி இதழும் கண்டு, 1958 வரை சூப்பர் மவுஸாகவே விற்பனையானது. பேரை மாற்றிக்கொண்டது படத்து எலி மட்டும். ஆகவே, தம் படம் ஒவ்வொன்றும் வேறொருவர் விற்கும் புத்தகத்துக்கு இலவச விளம்பரமாக அமைவதை டெர்ரி விரும்பவில்லை என்று சொல்லப்படும் மற்றொரு விளக்கமே இந்த நிகழ்வுகளோடு பொருந்துகிறது.

நகல் நகல்தானே என்று கேட்கிறீர்கள். சட்டம் யோசனைக்குக் காவல் நிற்பதில்லை. அந்த யோசனையை ஒருவர் எப்படி வடித்தாரோ அந்த வடிவத்துக்கே காவல் நிற்கிறது. உங்கள் அலுவலகத்துச் சட்டப் புத்தகங்களிலேயே இதற்குச் சான்று இருக்கும். ஒரு நாடகத்தின் கருவை எடுத்துப் படமாக்கிவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் 1978இல் சொன்னதும் இதுவே: கரு ஒன்றாக இருக்கலாம், அதைக் கையாண்ட விதமும் விவரங்களும் வேறாக இருந்தால் அது உரிமை மீறல் ஆகாது. வொண்டர் மேன் தோற்றதற்குக் காரணம், சூப்பர்மேனின் செயல்களும் காட்சிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் வந்தன என்று நீதிமன்றம் கண்டதுதான். பூனைகளை விரட்டும் எலியைப் பார்த்து இதுதான் சூப்பர்மேன் என்று எந்தச் சிறுவனும் ஏமாந்து காசு கொடுக்கப் போவதில்லை.

*கேள்வி: அப்படியானால் விலங்குகளில் முதல் சூப்பர் வீரர் எலிதானா? வகுப்பில் பிள்ளைகள் முயல் என்கிறார்கள்.*
– ஆசிரியை, குமுளி

எலிதான் அம்மா. ஆனால் முயல்கள் அதிகம் பின்தங்கிவிடவில்லை. கேப்டன் மார்வெலின் முயல் வடிவமான ஹாப்பி, ஃபாசெட்டின் விலங்குக் கதை இதழில் 1942 டிசம்பர் அட்டை மாதத்தில் வந்தது. டைம்லியின் சூப்பர் ராபிட் 1943 தொடக்கத்தில் வந்தது. பக்ஸ் பன்னி சூப்பர் உடை அணிந்த படம் 1943 ஏப்ரலில் திரைக்கு வந்தது. ஏறத்தாழ அரை ஆண்டுக்குள் ஓர் எலிக் கூட்டமும் ஒரு முயல் கூட்டமும் மேலங்கி கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கின்றன. இவர்கள் எல்லாருமே ஒருவரையொருவர் பார்த்துத்தான் வரைந்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் எங்கும் பரவியிருந்த சூப்பர்மேன் மோகமே இவர்களுக்குப் பொதுவான தாய்வீடு. எலிகள் இரண்டுக்கும் அதே நியாயத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

*கேள்வி: என்னிடம் அட்டை இல்லாத சூப்பர் மவுஸ் இதழ் ஒன்று இருக்கிறது. எந்த ஆண்டு இதழ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?*
– செங்கோட்டை வாசகர்

அட்டை போனாலும் முதல் கதைப் பக்கத்தின் அடியிலோ முன்னட்டையை அடுத்த பக்கத்திலோ பொடி எழுத்தில் மூன்று நான்கு வரிகள் இருக்கும். பதிப்பாளர் பெயர், முகவரி, தொகுதி எண், இதழ் எண், மாதம் எல்லாம் அங்கேதான். பழைய மட்டக் காகிதம் பழுத்துப்போயிருந்தால் அந்த வரிகள் மங்கியிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அந்த வரிகளும் கிழிந்திருந்தால் விளம்பரங்களைப் பாருங்கள்: இரண்டாம் உலகப் போருக்காகப் போர்ப் பத்திரமும் போர் முத்திரையும் வாங்கச் சொல்லும் விளம்பரம் இருந்தால் அது பெரும்பாலும் 1945 அல்லது அதற்கு முந்தியது; அப்படியானால் அது தனி இதழ் அன்று, சூப்பர் மவுஸ் கதை வந்த கூ கூ காமிக்ஸாக இருக்கும். பதிப்பாளர் பெயர் பைன்ஸ் என்று மட்டும் இருந்தால் அது 1950களின் பிற்பகுதி இதழ். எதைச் செய்தாலும் பிசின் நாடா மட்டும் ஒட்டாதீர்கள். நம் ஊர்ப் பக்கத்து ஈரத்தில் அது சில ஆண்டுகளில் காகிதத்தையே தின்றுவிடும்.

*கேள்வி: அமெரிக்க எலி இருக்கட்டும். நம் கபீஷ் குரங்கு யாருடையது? நான் பூந்தளிரில் படித்து வளர்ந்தவன். பக்கத்து வீட்டு மலையாள நண்பர், கபீஷ் பூம்பாற்றாவில் வந்த மலையாளக் குரங்கு, தமிழுக்கு வந்தது மொழிபெயர்ப்பு என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.*
– மீனாட்சிபுரம் வாசகர், பாலக்காடு எல்லை

எல்லையோரத்தில் இந்த வாதத்தைக் கேட்டிருக்கிறேன். ஒரு தெருவில் இரு மொழி இதழ்களும் வந்துகொண்டிருந்தால் இது எழாமல் இருந்தால்தான் வியப்பு. உங்கள் நண்பருடைய கூற்றிலும் உங்கள் மனத்தாங்கலிலும் பாதி நியாயம் இருக்கிறது.

வாலை வேண்டிய அளவு நீட்டிக்கொள்ளும் அந்தக் குரங்கைப் படைத்தவர் அனந்த் பை. வரைந்தவர் ஓவியர் மோகன்தாஸ். அனந்த் பை கர்நாடகத்துக் கார்க்களாவில் பிறந்து மும்பையில் வாழ்ந்தவர். 1967இல் அமர் சித்திரக் கதையையும் 1980இல் டிங்கிளையும் தொடங்கியவர். அவற்றுக்கு நடுவே 1969இல் ரங் ரேகா ஃபீச்சர்ஸ் என்ற நிறுவனத்தையும் அவர் தொடங்கினார். சித்திரத் தொடர்களைத் தயாரித்துப் பல மொழி இதழ்களுக்கு வழங்குவதே அதன் தொழில். ஒரே படப் பக்கம் பல ஊர்களுக்குப் போகும். அந்தந்த மொழிக்காரர்கள் பேச்சுக் குமிழ்களில் தங்கள் எழுத்தை நிரப்பிக்கொள்வார்கள். இப்படி வந்த பாத்திரம் எந்த மொழியில் கண்ணில் படுகிறதோ அந்த மொழிப் பிள்ளைக்குச் சொந்த வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறது.

நம் பகுதியில் குழப்பம் கூடுதலானதற்குத் தனியான காரணமும் உண்டு. பூம்பாற்றாவை மலையாளத்தில் நடத்திய எர்ணாகுளத்து பைகோ நிறுவனமே 1984இல் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு தமிழில் பூந்தளிரையும் தொடங்கியது. கேரளத்திலிருந்து தமிழுக்கு வந்த இதழில் பார்த்ததால் கபீஷும் கேரளத்தவன் என்று எண்ணுவது எளிது. அனந்த் பையின் பெயரிலும் பைகோவின் பெயரிலும் ‘பை’ வருவதால் இரண்டும் ஒரே வீடு என்று நினைப்பவர்களும் உண்டு. ஒருவர் மும்பையில் இருந்து கதையைப் படைத்தவர், மற்றது அதை வாங்கி வெளியிட்ட எர்ணாகுளத்து நிறுவனம்.

வாண்டுமாமாவின் தமிழில் அந்தக் குரங்கு நம் காட்டுக் குரங்காகவே பேசியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் அந்தத் தமிழின் நேர்த்திதான். ஒரே கபீஷ் கதை வந்த பூம்பாற்றா இதழும் பூந்தளிர் இதழும் உங்களுக்கும் நண்பருக்கும் கிடைக்குமானால், இரண்டு பக்கங்களையும் படம்பிடித்து அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கட்டங்களும் வாலின் வளைவும் ஒன்றாக இருக்க, குமிழ்களில் எழுத்து மட்டும் மாறியிருப்பதை மற்ற வாசகர்களும் பார்க்கும்படி அடுத்த இதழில் அருகருகே வெளியிடுகிறோம்.